காவிரி டெல்டாவில் தூண்டில்: எந்த மீனுக்கு எந்த முள், எந்த மாதம், எது சட்டம்?

மன்னை_புதுத்தூண்டில்

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிப் பக்கம், பாமணி ஆற்றங்கரை ஊர். சின்ன வயதில் மூங்கில் கம்பில் நாக்குப்பூச்சி குத்திக் கெண்டை பிடித்ததோடு சரி. இப்போது ஏழடி ஸ்பின்னிங் ராடு, ரீல், பிரெய்டு என்கிற பின்னல் நரம்பு, ஒரு டப்பா லூர் (போலி இரை) எல்லாம் வாங்கியிருக்கிறேன். யூடியூபில் பார்ப்பதெல்லாம் அமெரிக்க ஏரியும் கேரளக் காயலும்தான். நம் ஆறு அப்படி இல்லை. சில மாதம் கரைபுரளும், சில மாதம் மணலாகக் கிடக்கும். எந்த மீனுக்கு எப்படித் தூண்டில் கட்டுவது, எந்த மாதம் எங்கே போவது, எதைப் பிடிக்கக் கூடாது? தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொன்னால் நன்றாக இருக்கும். வடுவூர் ஏரி பக்கத்தில்தான் இருக்கிறது, அங்கே போடலாமா என்பதையும் சொல்லுங்கள்.

குடமுருட்டி_கரை

தம்பி, வாங்கிய சாமான் போதும். இனி தண்ணீரைப் படிக்க வேண்டியதுதான் பாக்கி.

டெல்டாவில் மீன் காலண்டர் என்பது மேட்டூர் காலண்டர்தான். வழக்கப்படி ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடல். ஆனால் வழக்கத்தை நம்பி நாள் குறிக்க முடியாது. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். மேட்டூரில் விட்ட தண்ணீர் கல்லணைக்கு வர ஏறக்குறைய மூன்று நாள். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து கடைமடைக்குப் போய்ச் சேர இன்னும் பல நாள். ஆற்றுக்கு ஆறு முறை வைத்துத் தண்ணீர் விட்டால் அதற்கும் மேலே. திருவையாற்றில் மீன் கொத்துகிற வாரத்தில் உங்கள் பக்கத்து ஆற்றில் ஆடு மேய்ந்துகொண்டிருக்கும்.

முதல் தண்ணீர் வரும்போது குப்பையும் நுரையுமாக வரும். எல்லோரும் அன்றைக்கே கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கெளுத்தியைத் தவிர வேறு எதுவும் பெரிதாக மாட்டாது. கலங்கல் அடங்கட்டும். ஆடி, ஆவணியில் ஓட்டம் சீரான பிறகு மீன் நடு ஆற்றில் நிற்காது. மதகுக்குக் கீழே சுழிக்கு அடுத்த அமைதியான இடம், பாலத்தூணின் பின்பக்கம், கோரை ஓரம், வாய்க்கால் வந்து ஆற்றில் சேரும் முனை. இந்த நான்கையும் பார்த்துப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. ஆறு மறுபடி சேறாகிவிடும், கரையும் வழுக்கும். அந்த நாட்களில் நான் ஆற்றுக்குப் போவதில்லை. மார்கழி, தையில் தண்ணீர் தெளியும், குளிரும். அப்போது விடியற்காலையில் போய் நடுங்குவதைவிட வெயில் ஏறிய பிறகு போனால் கெண்டையும் ரோகும் இரை எடுக்கும். ஆறு மூடிய பிறகு மாசி முதல் சித்திரை வரை தண்ணீர் மடுக்களிலும் குட்டைகளிலும் மட்டும் நிற்கும். அது விரால் காலம். தண்ணீரில் காற்று குறைந்து மற்ற மீன்கள் தவிக்கும்போது விரால் மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு தெம்பாக இருக்கும்.

மன்னை_புதுத்தூண்டில்

ஐயா, மிக்க நன்றி. இப்படி யாரும் சொன்னதில்லை. ஆடி, ஆவணியில் ஆற்றில் நிற்கிறேன் என்றால் தூண்டிலை எப்படிக் கட்ட வேண்டும்?

குடமுருட்டி_கரை

மீனின் வாயைப் பார். கட்லாவுக்கு வாய் மேல் நோக்கி இருக்கும், அது மேல்தண்ணீரில் மேய்கிற மீன். மிர்காலுக்கு வாய் கீழே திரும்பியிருக்கும், அது தரையைத் துழாவும். ரோகு நடுவில். ஆகவே மூன்றும் ஒரே குளத்தில் இருந்தாலும் ஒரே கட்டில் மூன்றும் மாட்டாது.

கட்லாவுக்கு தக்கைதான். தக்கைக்குக் கீழே முழத்துக்குள் முள்ளை நிறுத்தி, கடலைப் புண்ணாக்கும் தவிடும் பிசைந்த உருண்டை வைக்க வேண்டும். ரோகு, மிர்காலுக்கு ஸ்பிரிங் ஃபீடர் நல்லது. சுருள் கம்பியில் மாவைப் பிடித்து, அதிலிருந்து இரண்டு மூன்று குட்டை நரம்பில் முள் தொங்கும். மாவு தரையில் கரையும், மீன் அதை உறிஞ்சும்போது முள்ளும் உள்ளே போய்விடும். மாவைக் கெட்டியாகப் பிசையாதே. தண்ணீரில் கால் மணி நேரத்தில் கரைய வேண்டும், எறியும்போது உதிரக் கூடாது. அந்தப் பதம் கைக்கு வர நாளாகும்.

ஜிலேபிக்கும் சின்னக் கெண்டைக்கும் மெல்லிய நரம்பு, சின்னத் தக்கை, மிளகு அளவு ஈயம், 10-ஆம் எண் முள். முள்ளில் எண் கூடக் கூட அளவு சிறிதாகும் என்பதைக் கடையில் நினைவில் வைத்துக்கொள். தக்கை முழுதாக அமிழும்வரை காத்திருக்க வேண்டாம், ஜிலேபி இரையைப் பக்கவாட்டில் இழுக்கும்போதே சுண்டிவிடு.

கெளுத்தி, ஆரல், விலாங்குக்கு ஓடும் ஈயம். ஓட்டை உள்ள ஈயத்தை நரம்பில் கோத்து, ஸ்விவல் என்கிற சுழலும் வளையம் போட்டு, அதற்குக் கீழே ஒரு முழம் நரம்பு, முனையில் முள். மீன் இழுக்கும்போது நரம்பு ஈயத்தின் ஊடே ஓடுவதால் அதற்குப் பாரம் தெரியாது. பொழுது சாய்ந்த பிறகு மண்புழு வைத்தால் போதும். ஓட்டத்தில் ஈயம் உருண்டுகொண்டே இருந்தால் எடையைக் கூட்டு. இது ஒன்றைக் கற்றால் ஆற்றிலிருந்து முகத்துவாரம் வரை எங்கும் பயன்படும்.

தாமரைக்குளம்

விராலைப் பற்றி நான் சொல்கிறேன். பட்டுக்கோட்டைப் பக்கம் பல வருடமாக அதைத்தான் துரத்துகிறேன்.

புதியவர் டப்பாவில் ரப்பர் தவளை இருந்தால் மற்ற லூரை எல்லாம் வீட்டில் வைத்துவிடலாம். முள் இரண்டும் உடம்போடு ஒட்டி மேல் நோக்கி இருப்பதால் அல்லி இலை, ஆகாயத்தாமரை எதிலும் சிக்காது. அதற்கு 30 முதல் 50 பவுண்டு பிரெய்டு வேண்டும். விரால் மாட்டியதும் வேருக்குள் பாயும், மெல்லிய நரம்பு அங்கேயே அறுந்துவிடும்.

தவளையைப் பாசிக்கு அப்பால் எறிந்து, இலை மேல் நடக்கவிட்டு, இடைவெளி வரும் இடத்தில் ஒரு நொடி நிறுத்துங்கள். அடி அங்கேதான் விழும். விழுந்ததும் இழுத்தால் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். ஒன்று, இரண்டு என்று மனதில் எண்ணி, நரம்பு இறுகுவது தெரிந்த பிறகு ஓங்கி அடிக்க வேண்டும். எல்லோரும் தோற்பது இந்த இரண்டு நொடியில்தான்.

ஒரு வேண்டுகோள். மழைக்காலத்தில் தண்ணீர் மேல் செந்நிறமாக ஒரு கொத்துக் குஞ்சு கொப்பளித்துக்கொண்டு நகரும். அதன் அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தக் கொத்தின் மேல் தவளையைப் போட்டால் நிச்சயம் அடிக்கும், பசியில் அல்ல, குஞ்சைக் காப்பாற்ற. தயவுசெய்து அங்கே போடாதீர்கள்.

வயல்வரப்பு

தாமரைக்குளம் அண்ணனுக்கு: எங்கள் ஊரில் குஞ்சுக் கொத்தைப் பார்த்துத்தான் தலைமுறையாக விரால் பிடிக்கிறார்கள். முதல் மழைக்கு வயலில் ஏறுகிற மீனை வரப்பில் பறி (மீன் பிடிக்கும் கூடை) வைத்துப் பிடிப்பதும் அப்படித்தான். கூலி வேலை இல்லாத நாளில் குழம்புக்கு அதுதான். ஆயிரக்கணக்கில் ராடு வாங்கியவர்கள் வந்து இதைப் பிடிக்காதே, அதை விடு என்று சொல்வது எனக்கு ஏற்கவில்லை. மீன் குறைந்தது பறியாலா? வயலில் அடிக்கும் மருந்தாலும், ஆற்றில் அள்ளிய மணலாலும், கரண்ட் வைக்கிறவர்களாலும்தான்.

தாமரைக்குளம்

தம்பி, பறி வைப்பவரை நான் சொல்லவில்லை. வீட்டில் உலை கொதிக்கக் காத்திருக்கிறது என்றால் அதில் எனக்கு ஒரு சொல்லும் இல்லை. பொழுதுபோக்குக்கு வருகிறவன், பிடித்துப் படம் எடுத்துப் போடுகிறவன், அவனுக்குத்தான் இது. அவனுக்கு வேறு விராலே இல்லையா?

மீன்வளம்_நாகை

நான் மீன்வளம் படித்தவள், வேலையும் அதே துறை சார்ந்தது. இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. விரால் பாசியை விலக்கிக் கூடு கட்டி முட்டையிடும். குஞ்சு தானாக இரை தேடும்வரை சில வாரம் பெற்றோர் காவல் இருக்கும். காவலைப் பிடித்துவிட்டால் கொத்து முழுவதையும் குரவையும் ஜிலேபியும் தின்று தீர்த்துவிடும். ஒரு மீனைப் பிடிக்கும்போது ஒரு தலைமுறையே போகிறது. அதே நேரம் வயல்வரப்பு சொன்ன மருந்தும் கரண்டும் குளத்தையே காலி செய்பவை. ஒன்றைச் சொன்னால் மற்றதை மறைப்பது ஆகாது.

சட்டம் கேட்டிருந்ததால் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

வெடி போட்டு மீன் பிடிப்பதையும் தண்ணீரில் விஷம் கலப்பதையும் 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே 4, 5-ஆம் பிரிவுகளில் தடுத்திருக்கிறது. கம்பியில் கொக்கி போட்டுக் கரண்ட் எடுத்தால் மின் திருட்டு வழக்கும் சேரும், அதைவிட, வைத்தவரே செத்த சம்பவங்கள் உண்டு.

ஏரி, குளம் என்றால் மீன்பாசி குத்தகை, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, விட்டிருக்கிறார்களா என்று ஊராட்சியில் கேளுங்கள். குத்தகை இருந்தால் உள்ளே இருப்பது குத்தகைதாரர் விட்ட குஞ்சு. ஒரு மீனானாலும் அவரைக் கேட்காமல் பிடிக்கக் கூடாது. கேட்டால் பலர் தூண்டிலுக்கு மறுப்பதில்லை.

வடுவூர் ஏரி 1999 முதல் பறவைகள் சரணாலயம், 2022-இல் ராம்சர் என்கிற உலகச் சதுப்புநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே தூண்டில் வேண்டாம். அறுந்த நரம்பு ஒரு முழம் கிடந்தாலும் நாரையின் காலில் சுற்றும். இது மற்ற நீர்நிலைக்கும் பொருந்தும்: வெட்டிய நரம்பைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதும் விற்பதும் தடை. வெள்ளத்தில் பண்ணைக் குட்டை உடைந்து அது வாய்க்காலில் பரவியிருக்கலாம். மாட்டினால் வேறு குளத்தில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். அது மற்ற மீனைத் தின்று வளரும்.

கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காரைக்கால் புதுச்சேரி நிர்வாகம் என்றாலும் அங்கேயும் அதே நாட்கள்தான். இது விசைப்படகுகளுக்கு, கரையில் நின்று தூண்டில் போடுபவருக்கு அல்ல. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் வந்தது. கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது, அந்த இடம் நாட்டுப்படகுக்காரருக்கு.

கடல் ஆமை, கடல் குதிரை, கடல் அட்டை, வேளா சுறா, திமிங்கலச் சுறா, கடல் பசு எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. தூண்டிலில் ஆமை மாட்டினால் நரம்பைப் பிடித்துத் தூக்காமல், ஓட்டைப் பிடித்துத் தூக்கி, முள்ளை எடுத்து விட்டுவிடுங்கள். அதிராம்பட்டினத்திலிருந்து தெற்கே பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடல் பசுக் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

வயல்வரப்பு

அக்கா, தெளிவாகச் சொன்னீர்கள். குஞ்சுக் கொத்து விஷயம் சரி, நான் ஊரில் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் முதல் மழைக்கு ஏறும் ஏற்றுமீனையும் விடச் சொன்னால் அதற்கு எனக்கு உடன்பாடு இல்லை. வயலில் ஏறிய மீன் தண்ணீர் வடிந்தால் அங்கேயே காய்ந்து சாகிறது, அதைப் பிடித்தால் என்ன?

மீன்வளம்_நாகை

வடியும்போது பிடிப்பதில் தவறே இல்லை. ஏறும்போது வழியை முழுக்க அடைத்துப் பிடித்தால்தான் முட்டையோடு போகிறது. மடையில் ஒரு பக்கம் திறந்துவிட்டுப் பறி வையுங்கள் என்பதே நான் கேட்பது.

பழையாறு_முனை

கொள்ளிடம் கடலில் சேரும் இடத்துக்காரன் நான். பரம்பரையாகக் கடல் தொழில். முகத்துவாரத் தூண்டில் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன்.

இங்கே ராஜா கொடுவா. தாடை உள்ளே உப்புத்தாள் போலச் சொரசொரப்பு, செவுள் மூடியில் கத்தி மாதிரி விளிம்பு. பிரெய்டை நேராக முள்ளில் கட்டினால் ஒரே தலையாட்டலில் போய்விடும். 40 முதல் 60 பவுண்டு லீடர், அதாவது முள்ளுக்கு முன் கட்டும் தடித்த நரம்பு, ஒரு பாகம் (இரு கை விரித்த அளவு) நீளம் கட்டாயம். உயிர் இறால் அல்லது மடவைக் குஞ்சு, மேலே ஐயா சொன்ன அதே ஓடும் ஈயம், வளைந்த சர்க்கிள் முள். சர்க்கிள் முள்ளில் ஓங்கி அடிக்கக் கூடாது. நரம்பு ஓடும்போது ரீலை மெதுவாகச் சுற்றி இறுக்கினால் வாயோரத்தில் தானாகக் குத்திக்கொள்ளும். திருப்பி விடுவதற்கும் அதுதான் நல்லது, தொண்டைக்குள் போகாது.

நேரம் என்று பார்த்தால் மணி அல்ல, கடல் தண்ணீர் ஏறி இறங்கும் ஓதம்தான். தண்ணீர் திரும்பி இறங்க ஆரம்பிக்கும்போது அலையாத்தி வேருக்குள் இருந்த இறாலும் பொடிமீனும் வாய்க்கால் வழியாக வெளியே வரும். கொடுவா அந்த வாயில் காத்திருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் அதிகம், கனமான ஈயம் வேண்டும். மழைவெள்ளம் முழுதாக இறங்கும்போது முகத்துவாரம் முழுக்க நல்ல தண்ணீரும் சேறும்தான். மழை ஓய்ந்து தெளியத் தொடங்கும் மார்கழி, தைதான் எனக்குப் பிடித்த காலம்.

கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறும் மீன். கடலோரத்தில் முட்டையிடும், குஞ்சு உப்பங்கழிக்கு ஏறி வரும். ஆகவே நீங்கள் படம் எடுக்க ஆசைப்படுகிற அந்தப் பெரிய மீன் ஏறக்குறைய எப்போதும் முட்டைக்காரிதான். நடுத்தரத்தில் ஒன்றைச் சமைக்க வைத்துக்கொண்டு பெரியதை விட்டால் எங்கள் பிள்ளைகளுக்கும் மீன் இருக்கும்.

கரை மணலில் கிழங்கான் பிடிக்க வேறு கட்டு. ஈயம் கடைசி முனையில், அதற்கு மேலே இரண்டு கிளை நரம்பில் சின்ன முள், இறால் துண்டு. அலை உடைந்து திரும்பும் பள்ளத்தில் போட்டால் போதும், தூரம் எறியத் தேவையில்லை. சீலா வந்தால் பல்லால் நறுக்கும், அதற்கு மட்டும் கம்பி லீடர். பேத்தை மீன் மாட்டினால் விட்டுவிடுங்கள், விஷம், யார் சொன்னாலும் சமைக்காதீர்கள்.

அலையாத்தி_ஓரம்

முத்துப்பேட்டைப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு: பாமணியும் கோரையாறும் கடைசியில் எங்கள் லகூனில்தான் வந்து சேருகின்றன. புதியவர் தன் ஊர் ஆற்றோடு நடந்தாலே எங்களிடம் வந்துவிடலாம். ஆனால் அலையாத்திக்காடு வனத்துறைக் கட்டுப்பாட்டில் உள்ள காப்புக்காடு. ஜாம்புவானோடையில் படகு ஏறுவதற்கு முன் வனத்துறையில் அனுமதி கேட்க வேண்டும். காட்டுக்குள் தொழில் செய்வது உள்ளூர் மீனவர்கள். அவர்கள் வலையின் குறுக்கே லூர் எறிந்து கிழித்துவிட்டுப் போகிறவர்களால் எல்லோருக்கும் கெட்ட பெயர். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் காட்டைப் புரட்டிப் போட்டது. தாங்கிப் பிழைத்த மரத்தின் வேரில் முள் சிக்கினால் நரம்பை வெட்டுங்கள், கிளையை ஒடிக்காதீர்கள்.

மன்னை_புதுத்தூண்டில்

இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். இரண்டு கேள்வி. கொள்ளிடத்தில் தனியாகப் போய் நிற்கலாமா? வாளையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, அது நம் பக்கம் இருக்கிறதா?

குடமுருட்டி_கரை

கொள்ளிடத்துக்குத் தனியாகப் போகாதே தம்பி. வெள்ளநீரை விடுகிற வடிகால் அது. மேட்டூர் நிரம்பினால் முக்கொம்பிலும் கல்லணையிலும் திருப்பி விடுவார்கள், முழங்கால் தண்ணீர் ஒரு பொழுதுக்குள் ஆள் மூழ்கும் ஆழமாகும். மணல் அள்ளிய குழி மேலே இருந்து தெரியாது. அணைக்கரையிலும் அதற்குக் கீழே சிதம்பரம் பக்கப் பழைய கொள்ளிடத்திலும் முதலை இருக்கிறது, ஆட்களைக் கடித்தும் இருக்கிறது. தண்ணீரில் இறங்கி நின்று தூண்டில் போடுவது, பிடித்த மீனைப் பையில் கட்டி இடுப்போரம் தண்ணீரில் தொங்கவிடுவது இரண்டும் அங்கே கூடவே கூடாது.

உன் ராடு கார்பனாக இருந்தால் இன்னொன்று. வாய்க்கால் மேல் மின்கம்பி தாழ்ந்து போகும் இடம் நம் பக்கம் நிறைய. எறிவதற்கு முன் தலைக்கு மேல் பார். இடி இடித்தால் ராடைக் கீழே வைத்துவிட்டு வா.

வாளை இருக்கிறது, முன்பு போல இல்லை. ஆழமான மடு, மதகுக்குக் கீழே உள்ள பள்ளம், இரவு நேரம். பல் வரிசையாக இருப்பதால் கம்பி லீடர், பெரிய முள், உயிர்க் கெண்டை. முன்பு கடலிலிருந்து உல்லம் (ஹில்சா) மீன் காவிரியில் ஏறி உள்ளே வெகுதூரம் போகும் என்பார்கள். 1836-இல் அணைக்கரையில் கீழணை, பிறகு 1934-இல் மேட்டூர் என்று குறுக்கே எழுந்த பின் அந்த ஏற்றம் போய்விட்டது. வாளையாவது பிள்ளைகள் காலத்துக்கும் இருக்கட்டும் என்பதால் முட்டைக்காலத்தில் நான் அதற்குத் தூண்டில் போடுவதில்லை.

வயல்வரப்பு

தேளி, கெளுத்தி முள் பற்றியும் சொல்லிவிடுங்கள் அண்ணன். புதியவர்கள் முதலில் அதில்தான் மாட்டுவார்கள்.

மீன்வளம்_நாகை

இரண்டுக்கும் பக்கவாட்டுத் துடுப்பில் முள் உண்டு, கெளுத்திக்கு முதுகுத் துடுப்பிலும் உண்டு. பழகும்வரை கையில் பிடிக்காமல் தரையில் துணி போட்டு அழுத்தி, மூக்குக் குறடால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். குத்திவிட்டால் காயத்தைக் கழுவி, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரத்துக்கு மேல் வைத்திருங்கள், கடுப்பு இறங்கும். சூட்டை முதலில் மற்றொரு கையால் பார்க்க வேண்டும், குத்திய கைக்கு அப்போது சூடு சரியாகத் தெரியாது. முள் உள்ளே ஒடிந்திருந்தாலோ வீக்கம் ஏறினாலோ மூச்சு முட்டினாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மன்னை_புதுத்தூண்டில்

நன்றி அக்கா, நன்றி ஐயா. ஞாயிற்றுக்கிழமை பாமணி ஆற்றில் வாய்க்கால் சேரும் முனையில் ஓடும் ஈயமும் மண்புழுவுமாக ஆரம்பிக்கிறேன். தண்ணீர் இப்போது பழுப்பு நிறம், முழங்கை ஆழத்துக்குக் கை தெரிகிறது.

குடமுருட்டி_கரை

கை தெரிந்தால் போதும், போகலாம். 6-ஆம் எண் முள் போடு, சாயங்காலம் நாலரைக்குப் போய் இருட்டுவதற்குள் திரும்பு. முதல் மூன்று எறிக்கு ஈயம் உருள்கிறதா என்று மட்டும் பார்.